ராணிப்பேட்டைக் குரோமிய மேடு: மூடுவதா, அள்ளுவதா, அங்கேயே மாற்றுவதா?

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்குள், எப்போதோ மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் வளாகத்தில், ஏறத்தாழ 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாக மேடாகக் குவிந்து கிடந்துவருகிறது. ஆலை 1970களின் நடுவில் தொடங்கியது, 1990களின் நடுவில் நின்றது. உற்பத்தி நடந்த காலத்தைவிடக் கழிவு கிடக்கும் காலம் நீண்டுவிட்டது. மழை பெய்தால் மேட்டைச் சுற்றி ஓடும் நீர் மஞ்சளாகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில், செர்னோபிலோடு சேர்த்து ராணிப்பேட்டையும் இருந்தது.

நான் வாலாஜாபேட்டையில் வளர்ந்தவன். இந்த மேட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்சு எழுந்தால், "அள்ளிக்கொண்டு போய்விட்டால் போதும்" என்றுதான் முடியும். கிணறு கெட்டுப்போன குடும்பம் வேறு என்ன சொல்லும்? ஆனால் எங்கே கொண்டுபோவது, எந்த நிலையில் கொண்டுபோவது, அள்ளிய பிறகு அடியில் இருக்கும் நீரை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. நல்ல வேளையாக, இந்தக் கழிவு நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதே தாது, இதே தயாரிப்பு முறை, இதே மஞ்சள் நீர் என்று வேறு ஊர்களும் பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி அள்ளியது. பால்டிமோர் மூடியது. சீனா சூளையில் இட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. அவற்றை ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி, எது நமக்குப் பொருந்தும் என்று பார்க்கவே இந்தக் கட்டுரை.

இந்தக் கழிவின் இயல்பு

வழிகளை ஒப்பிடும் முன் கழிவைப் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற மண்ணுக்குப் பலித்த வைத்தியம் இதற்குப் பலிக்காமல் போவதற்கான காரணம் இதன் பிறப்பிலேயே இருக்கிறது.

குரோமைட் தாதுவைச் சோடியம் கார்பனேட்டும் சுண்ணாம்பும் சேர்த்து 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுப்பார்கள். அந்தச் சூட்டில் தாதுவில் இருக்கும் குரோமியம்-3, நீரில் எளிதில் கரையும் குரோமியம்-6 ஆக மாறும். அதைத் தண்ணீரில் கரைத்து எடுத்து, தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய உப்புகளைச் செய்வார்கள். கரையாமல் மிஞ்சுவதுதான் கழிவு. அதில் எடுக்கப்படாத குரோமியமும் ஏராளமான சுண்ணாம்பும் இருக்கும். அதன் பி.எச். அளவு 12ஐ நெருங்கும். சுண்ணாம்புத் தண்ணீருக்கு இருக்கும் காரம்.

குரோமியம்-3 பெரும்பாலும் நீரில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும், நச்சும் குறைவு. குரோமியம்-6 நீரோடு ஓடும். அதன் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. பழைய குரோமேட் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழுந்துவிடும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுத் தரம்.

ஆகவே சுத்திகரிப்பு என்பதன் சாரம், குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்குவது, அல்லது அது நீரையும் காற்றையும் தொடாமல் அடைத்து வைப்பது. உலோகம் என்பதால் அது மக்கி மறையாது. எண்ணெய்க் கசிவைப் போல நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும் பொருளல்ல.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ராணிப்பேட்டையில் இருப்பது ஒரு சிக்கல் அல்ல, மூன்று. மேலே தெரியும் மேடு. அதன் அடியில் ஊறிப்போன மண். அந்த மண்ணிலிருந்து பாறை வெடிப்புகள் வழியே நகரும் நிலத்தடி நீர். இவை மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதால்தான் பாதி விவாதங்கள் குழம்பிப்போகின்றன.

மூடி வைத்தல்

இருப்பதிலேயே விரைவானது, தொடக்கச் செலவு குறைவானது. அதற்கு உலகில் சிறந்த எடுத்துக்காட்டு பால்டிமோர் துறைமுகக் கரையில் இருக்கும் ஹார்பர் பாயின்ட். அங்கே 1845இலிருந்து 1985 வரை ஒரு குரோமியம் ஆலை ஓடியது. ஆலையை இடித்தார்கள், ஆனால் மண்ணை அள்ளவில்லை. இடத்தைச் சுற்றிலும் களிமண் கலவையால் நிலத்துக்கடியில் ஆழமாக ஒரு சுவர் எழுப்பினார்கள். மேலே பல அடுக்குகளில் நீர்புகா மூடி. உள்ளே நீர்மட்டம் வெளியே இருப்பதைவிட எப்போதும் தாழ்வாக இருக்கும்படி பம்புகள். அதனால் கசிந்தால்கூட நீர் வெளியிலிருந்து உள்ளேதான் வரும். வேலை 1990களின் இறுதியில் முடிந்தது. இன்று அந்த இடத்தில் அலுவலகக் கோபுரங்களும் பூங்காவும் இருக்கின்றன.

பார்க்க அழகான தீர்வு. ஆனால் அது எதை நம்பி நிற்கிறது என்று கேட்க வேண்டும். அந்தப் பம்புகள் நிற்கக்கூடாது. மூடியில் யார் கடைக்கால் தோண்டினாலும் அதற்கென அனுமதியும் கண்காணிப்பும் வேண்டும். வாரிசாக வந்த ஒரு பெரிய நிறுவனம் சட்டப்படி கட்டுண்டு பணம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இவை அத்தனையும் காலவரம்பில்லாமல். பால்டிமோரில் நிலத்தின் விலை அந்தக் காவலுக்கான செலவைத் தாங்குகிறது. ராணிப்பேட்டையில் ஆலை மூடிக் கிடக்கிறது. ஐம்பதாவது ஆண்டில் பம்பை ஓட்ட ஆள் யார்?

இந்தச் சந்தேகத்துக்கு எங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுக் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். அதுவும் "அடைத்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லப்பட்ட கழிவுதான். ஓடிக்கொண்டிருந்த, தினமும் ஆட்கள் வந்துபோகும் வளாகத்திலேயே அது நடந்தது. அடைத்து வைப்பதைப் பற்றி யார் என்னிடம் பேசினாலும் அந்த 10 பேர்தான் என் நினைவில் வருகிறார்கள்.

தொழில்நுட்பச் சிக்கலும் ஒன்று உண்டு, சாதாரண மண்ணுக்கு இல்லாதது. இந்தக் கழிவில் இருக்கும் கால்சியச் சேர்மங்கள் ஈரம் பட்டால் மெல்ல மெல்லப் புதிய படிகங்களாக மாறி உப்பும். ஜெர்சி சிட்டியிலும் பால்டிமோரின் டன்டாக் துறைமுக முனையத்திலும் இந்தக் கழிவின் மேல் போட்ட தார்த்தளம் இடமிடமாக மேலெழும்பி வெடித்தது. மூடி போட்டால் மட்டும் போதாது, மூடி போட்ட பிறகும் கீழே இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும். டன்டாக்கில் கடைசியில் தேர்ந்தெடுத்ததும் அடைத்து வைக்கும் வழிதான். ஆனால் சரக்கு இறங்கும் துறைமுகம் என்பதால் தளத்தைப் பார்க்கவும் பழுதுபார்க்கவும் எப்போதும் ஆள் இருக்கிறார்கள்.

இதனால் மூடுவது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான். மேட்டின் மேல் கனமான நீர்புகா விரிப்பு, சுற்றிலும் மழைநீரை ஒதுக்கும் வாய்க்கால், வழியும் மஞ்சள் நீரைப் பிடிக்க அடியில் தொட்டி. இவை சில மாத வேலை. இதைத் தீர்வு என்று பெயரிட்டுக் கோப்பை மூடிவிடுவதில்தான் ஆபத்து.

அள்ளிச் செல்லுதல்

ஜெர்சி சிட்டியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மக்கள் கேட்கும் தீர்வு. அந்த ஊர் இருக்கும் ஹட்சன் கவுண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் மூன்று குரோமேட் ஆலைகள் இருந்தன. 20 லட்சம் டன்னுக்கு மேல் கழிவு. அதைக் குப்பை என்றுகூட நினைக்காமல் பள்ளம் நிரப்பும் மண்ணாக ஊரெங்கும் கொட்டினார்கள். வீட்டு அடித்தளச் சுவர்களில் மஞ்சள் உப்புப் பூத்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஆற்றங்கரையில் 34 ஏக்கர் பரப்புள்ள ஓர் இடத்தில் மட்டும் 15 முதல் 20 அடி ஆழத்துக்கு ஏறத்தாழ 15 லட்சம் டன் கிடந்தது. முதலில் அங்கேயும் தற்காலிக மூடிதான் போட்டார்கள். தற்காலிகம் பத்தாண்டைத் தாண்டியது. ஊர் மக்களும் மத அமைப்புகள் சேர்ந்த ஒரு குடிமக்கள் குழுவும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம், மூடி வைப்பது போதாது, முழுவதையும் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று, பழைய ஆலையின் வாரிசான ஹனிவெல் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 2005இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. செலவு 40 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. கழிவு அகன்ற நிலத்தில் இப்போது குடியிருப்புத் திட்டம்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த அம்சம், நிரந்தரம் என்ற சொல்லுக்கு அது கொடுத்த எடை. ஆனால் அங்கே நடந்ததை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.27 லட்சம் டன்னை 20 டன் லாரிகளில் ஏற்றினால் 11,350 நடை. நாளுக்கு 30 லாரி, விடுமுறையே இல்லாமல் ஓடினாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவும் மேடு மட்டும். அடியில் ஊறிய மண்ணைச் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். தமிழ்நாட்டில் அபாயகரக் கழிவுகளைப் புதைக்க அனுமதி பெற்ற இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல், ஊர்களுக்கு நடுவே செல்லும் சாலை.

வழியில் என்ன நடக்கலாம் என்பதற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தைப் பார்க்க வேண்டும். 2011இல் சூஜிங் பகுதியில் ஒரு வேதி ஆலையின் குரோமியக் கழிவைப் பக்கத்து மாகாணத்துக்குக் கொண்டுசெல்ல ஒப்பந்தம் எடுத்த லாரிக்காரர்கள், டீசல் செலவை மிச்சப்படுத்த, 5,000 டன்னுக்கு மேல் கழிவை அருகிலிருந்த மலைச்சரிவுகளில் கொட்டிவிட்டார்கள். மழை பெய்தது. குட்டையில் நீர் குடித்த ஆடுகள் செத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 5,000 டன்னிலேயே அந்த அளவு. 11,000 நடைகளையும் ஒவ்வொன்றாக எடை போட்டு, இருப்பிடம் கண்காணித்து, இறங்கும் இடத்தில் மறுபடி எடை பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் இந்த வழியை யாரும் தொடங்கக் கூடாது.

இறங்கும் இடத்தில் இருப்பவர்களும் மனிதர்கள். போபால் ஆலையில் மிஞ்சியிருந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில் 12 கன்டெய்னர்களில் பிதம்பூருக்குக் கொண்டுபோனபோது அந்த ஊரே கொதித்தெழுந்தது; இரண்டு பேர் தங்கள் மேல் தீ வைத்துக்கொண்டார்கள். அந்தக் கழிவு பிறகு எரிக்கப்பட்டது. ராணிப்பேட்டையில் கிடப்பது அதைப்போல அறுநூறு மடங்குக்கு மேல். நாம் நாற்பது ஆண்டு சுமந்ததை இன்னொரு ஊர் தலையில் இறக்கிவிட்டு நமக்கு விடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பது போதும்.

மேலும், குரோமியம்-6ஐ அப்படியே எடுத்துப்போய்ப் புதைத்தால் நஞ்சு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றிய பிறகு புதைப்பதே முறை. அப்படி மாற்றியாக வேண்டும் என்றால், இங்கேயே மாற்றி இங்கேயே ஏன் வைக்கக்கூடாது என்ற கேள்வி தானாக வருகிறது.

வேதிப்பொருளால் மாற்றுதல்

குரோமியம்-6ஐ மாற்ற மலிவான பொருள் அன்னபேதி, அதாவது இரும்புச் சல்பேட். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அதே பச்சை உப்பு. சாயப்பட்டறைகளின் கழிவுநீரில் அது நன்றாக வேலை செய்கிறது. அதனால், "மேட்டின் மேல் அன்னபேதிக் கரைசலைத் தெளித்தால் தீர்ந்தது" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தீராது. காரணங்கள் மூன்று.

முதலில் அளவு. வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ குரோமியம்-6ஐ மாற்ற 16 கிலோ அன்னபேதி வேண்டும். கழிவில் நூற்றில் ஒரு பங்கு குரோமியம்-6 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், 36,000 டன் அன்னபேதி ஆகிறது. இவ்வளவு காரமான மண்ணில் அந்த இரும்பில் பெரும்பகுதி குரோமியத்தைத் தொடும் முன்பே துருவாகப் படிந்து வீணாகும் என்பதால் உண்மையான தேவை இன்னும் மேலே.

அடுத்தது உப்பல். அன்னபேதியில் இருக்கும் சல்பேட், கழிவில் இருக்கும் சுண்ணாம்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாகும். சிமெண்டு வேலை தெரிந்த பொறியாளர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். கான்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்கவைப்பது இதுதான். இந்தக் கழிவில் அன்னபேதியைக் கலந்து பார்த்த அமெரிக்கச் சோதனைகளில் மண் உப்பி மேலெழுந்தது. நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயைக் கூட்டிய கதை.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. கழிவின் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் குரோமியம்-6 படிகங்களில் சிக்கிக் கிடக்கிறது. வெளிப்புறத்தை மாற்றிவிட்டுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் முடிவு நன்றாகவே வரும். ஒரு மழைக்காலமோ இரண்டோ கழிந்ததும் உள்ளிருப்பது மெல்லக் கரைந்து வெளியே வரும். மஞ்சள் திரும்பும். ஒப்பந்தக்காரர் அதற்குள் பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஆகவே இந்த வழியில் போவதென்றால் கழிவைத் தோண்டி, நன்றாக அரைத்து, ஈரமாகக் கலந்து, மாதக்கணக்கில் ஊறவிட்டு, மறுபடி மறுபடி சோதிக்க வேண்டும். தெளித்துவிட்டுப் போகும் வேலை அல்ல.

அன்னபேதிக்குப் பதில் கால்சியம் பாலிசல்ஃபைடைப் பயன்படுத்தலாம். பழத்தோட்டங்களில் பூஞ்சைக்கு அடிக்கும் சுண்ணாம்பு-கந்தகக் கரைசல்தான் அது. கார மண்ணிலும் வேலை செய்யும் என்பதும், சல்பேட்டை நேரடியாகக் கொட்டாததால் உப்பும் அபாயம் குறைவு என்பதும் அதன் பலம். விலை அதிகம். அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு கிளம்பும்; கலக்கும் இடத்தில் தொழிலாளர்களின் பாதுகாப்பைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் ராணிப்பேட்டைக் கழிவிலேயே, டன் கணக்கில், ஒரு முழு மழைக்காலம் சோதித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆய்வகக் குடுவையில் வந்த முடிவு போதாது.

சூளையில் சுடுதல்

சீனா இந்தக் கழிவில் பெரும்பகுதியைக் கையாண்டது நெருப்பால்தான். நிலக்கரியோடு கலந்து, காற்று குறைந்த சுழலும் சூளையில் சுட்டால் குரோமியம்-6 குரோமியம்-3 ஆகிவிடும். உருண்டையின் உட்புறமும் மாறும் என்பது தெளிப்பு முறையால் முடியாத சாதனை. இரும்பு உருக்கும் ஆலைகளின் மூலப்பொருளோடும் கலந்தார்கள். நம்மைப் பொறுத்தவரை, இத்தனை லட்சம் டன்னைச் சுட எரிபொருளும், புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பும், அதைச் சரியாக ஓட்டும் ஆட்களும் வேண்டும். சூளையில் காற்று சற்று அதிகமாகப் புகுந்தால் எதிர்வினை திரும்பிக் குரோமியம்-3 மீண்டும் 6 ஆகும். ஆலை ஆரம்பத்தில் செய்ததே அதுதானே. இதை முழு மேட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மிகச் செறிவாக மஞ்சளேறிய பகுதிகள் தனியாகப் பிரிந்தால், அவற்றுக்கு மட்டும் யோசிக்கலாம்.

செடிகளும் நுண்ணுயிர்களும்

வெட்டிவேர் நட்டால் மண் சுத்தமாகும் என்று ஆண்டுக்கொருமுறை யாராவது சொல்கிறார்கள். பி.எச். 12இல் செடி பிழைக்காது. வேர் போகும் ஆழத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. சுத்தம் செய்து முடித்த இடத்தில் மண்ணரிப்பைத் தடுக்கச் செடிகள் வேண்டும். சுத்தம் செய்ய அல்ல.

நுண்ணுயிர்கள் வேறு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் ராணிப்பேட்டையில் இதே மாசை எடுத்துக்கொண்டு, குரோமியம்-6ஐ மாற்றக்கூடிய பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸை உணவாகக் கொடுத்து, நிலத்தடி நீர் ஓடும் வழியில் உயிர்த்தடுப்பு அமைத்துச் சிறிய அளவில் சோதித்தார்கள். மாசு நீர் அந்தப் பகுதியைக் கடக்கும்போது குரோமியம்-6 குரோமியம்-3 ஆகி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. நிலத்தடி நீருக்கு நான் நம்பிக்கை வைக்கும் வழி இதுவே. மேட்டுக்கு இது உதவாது. அந்தக் காரத்தில் பாக்டீரியாவும் தாங்காது. மேட்டிலிருந்து விலகி, நீரின் காரம் தணிந்த இடத்தில்தான் இதற்கு வேலை.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. எங்கள் பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. நீர் சீராகப் பரவாமல் வெடிப்புகளைத் தேடி ஓடும். ஒரு கிணற்றில் விட்ட மொலாசஸ் பத்தடி தள்ளியிருக்கும் வெடிப்பைத் தொடாமலே போகலாம். வெடிப்புகளின் வரைபடம் முதலில் வேண்டும். அதற்கு நிறைய ஆய்வுக் கிணறுகள் வேண்டும். பணம் செலவாகும், படம் எடுத்துப் போட எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் எல்லா இடத்திலும் முதலில் வெட்டப்படும் செலவும் இதுதான்.

எவ்வளவு சுத்தம் போதும்?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவாக வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் குரோமியம்-6 மிஞ்சலாம்? நியூ ஜெர்சி மாநிலம் முன்பு 240 வரை அனுமதித்தது. 2007இல் அதை 20 ஆகக் குறைத்தது. கனடாவின் வழிகாட்டு அளவு குடியிருப்பு நிலத்துக்கு 0.4, தொழில் நிலத்துக்கு 1.4. எந்த எண்ணை எடுக்கிறோமோ அதற்கேற்ப அள்ள வேண்டிய மண்ணின் அளவும் செலவும் பல மடங்கு மாறும். கொடைக்கானல் பாதரச ஆலையின் மண்ணை என்ன செய்வது என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதும் இப்படிப்பட்ட ஓர் எண்ணை வைத்துத்தான். அதிகாரிகளும் நிறுவனமும் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றார்கள், சோலைக்காட்டை ஒட்டிய இடத்துக்கு அது மிகத் தளர்வானது என்றார்கள் சூழலியலாளர்கள். எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடங்கினால், பணம் தீர்ந்த இடத்தில் சுத்தமும் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்படும்.

எந்தச் சோதனையால் அளப்பது என்பதும் சண்டையிட்டுப் பெற வேண்டியதே. குப்பைமேட்டில் புதைப்பதற்கென்று உருவான, அமிலக் கரைசலில் கழுவிப் பார்க்கும் சோதனை இந்தக் காரக் கழிவுக்குப் பொருந்தாது. கழிவுக்குள் இருக்கும் மொத்தக் குரோமியம்-6ஐயும் கரைத்தெடுக்கும் காரச் சோதனைதான் உள்ளே சிக்கியிருப்பதையும் காட்டும்.

கிளாஸ்கோ கற்றுத்தருவது

கிளாஸ்கோவை இடையிடையே குறிப்பிடாமல் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஷாஃபீல்ட் பகுதியில் இருந்த ஒயிட் குடும்பத்தின் ஆலை ஒரு காலத்தில் பிரிட்டனின் குரோமியத்தில் பெரும்பங்கைத் தயாரித்தது. 1960களில் மூடியது. சுற்றுப்புறத்தில் கொட்டிய கழிவு 25 லட்சம் டன் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. பணக்கார நாடு, நல்ல பல்கலைக்கழகங்கள், பலமான சட்டம். ஆனால் பொறுப்பேற்க ஆலை இல்லை, அடியில் இருப்பதை முழுவதுமாக எடுக்கவும் இல்லை. பகுதி பகுதியாக மூடினார்கள், பகுதி பகுதியாக மாற்றினார்கள். ஆலை மூடி அரை நூற்றாண்டு ஆன பிறகு, 2019இலும் 2021இலும் அங்கே ஓடும் பொல்மேடி ஓடை பளீரென்ற மஞ்சள்பச்சையாக மாறிக் குழந்தைகள் கிட்டே போகாமலிருக்க வேலி போட வேண்டி வந்தது.

ராணிப்பேட்டையின் நிலை பால்டிமோரைவிடவும் ஜெர்சி சிட்டியைவிடவும் கிளாஸ்கோவுக்குத்தான் நெருக்கம். ஒரு வகையில் நாம் கிளாஸ்கோவைவிட நல்ல இடத்தில் இருக்கிறோம்: நம் கழிவு ஊரெங்கும் இறையவில்லை, பெரும்பகுதி ஒரே இடத்தில் மேடாக இருக்கிறது. அந்த வாய்ப்பு ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

என் தேர்வு

மேட்டைத் தோண்டி, வளாகத்துக்குள்ளேயே கூரையும் தூசி தடுப்பும் உள்ள கொட்டகையில் அரைத்து, சோதனையில் தேறிய வேதிப்பொருளால் மாற்றி, அதே சிப்காட் எல்லைக்குள் இரட்டை அடித்தளத் தடுப்போடு கட்டப்படும் புதைகுழியில், நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, வைக்க வேண்டும் என்பது என் முடிவு. லாரிப் பயணம் சில நூறு மீட்டர். இன்னொரு ஊருக்குச் சுமை இல்லை. புதைகுழியிலும் காவல் தேவைதான், ஆனால் உள்ளே இருப்பது மாற்றப்பட்ட கழிவு என்பதால் ஒருநாள் தடுப்பு கிழிந்தாலும் வெளியே ஓடிவர மஞ்சள் இருக்காது. ஹார்பர் பாயின்ட் பம்பு நின்றால் வரும் ஆபத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். அடியில் ஊறிய மண்ணில் கைக்கு எட்டும் ஆழம் வரை இதே வழி. எட்டாத ஆழத்துக்கும் நிலத்தடி நீருக்கும் மொலாசஸ் உயிர்த்தடுப்பு, பாலாற்றின் பக்கம் நகரும் நீரை மறித்து இறைக்கும் கிணறுகளோடு. மேடு இருக்கும்போதே நீரைச் சுத்தம் செய்யத் தொடங்கலாம். ஆனால் மேடு போகாமல் அதற்கு முடிவு வராது.

இந்த வழி மூடுவதைவிடப் பல மடங்கு செலவு, கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புவதைவிட அதிக நாள். மறைக்க வேண்டிய விஷயம் அல்ல. தோண்டும் ஆண்டுகளில் தூசி பறக்கும் அபாயமும் உண்மையானது. காற்று பலமாக வீசும் நாளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் ஒப்பந்தக்காரரிடம் இல்லாமல் வெளியாளிடம் இருக்க வேண்டும்.

பணம் யாருடையது என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது, 1996 ஆகஸ்டில், வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் விரிவாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீரமைப்பதற்கென்றே தனி விதிகளை அறிவித்தது. பொறுப்பாளர் கிடைக்காத இடங்களில் மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொள்ள அதில் வழி இருக்கிறது. மூடிய ஆலையைக் காரணம் காட்டி இனியும் ஒத்திப்போட முடியாது.

வரிசையும் முக்கியம். இந்தப் பருவமழைக்கு முன் விரிப்பும் வாய்க்காலும் தொட்டியும். அதே ஆறு மாதத்தில் பாறை வெடிப்புகளின் வரைபடமும், சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளின் அளவுகளும், அவை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதாமாதம் தமிழில் ஒட்டப்படுவதும். அடுத்த ஆண்டு, நூறு டன் அளவில் இரண்டு வேதிப்பொருள்களின் சோதனை. ஒரு மழைக்காலம் முழுவதும் வெட்டவெளியில் நனையவிட்டு, அதன்பிறகே ஒப்பந்தப் புள்ளி. ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை வேலை முடிந்த நாளில் தராமல், மூன்று மழைக்காலங்கள் கழித்து, அதே காரச் சோதனையில் அதே எண் வந்தால் மட்டும் தர வேண்டும்.